தோற்பவருக்கு ஒரு நாற்காலி

ஜூன் 3, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. தகுதி: ஒன்றும் தெரியாமல் இருப்பது.

கேலிக்குச் சொல்லவில்லை. நேர்காணலில் அபினவ் என்பவர் கேட்டது ஒரே கேள்விதான். "இதுக்கு முன்னாடி வீடியோ கேம் ஆடியிருக்கீங்களா?" இல்லை என்றேன். "மொபைல்ல?" போன் உடைவதற்கு முன்னால் செங்கல் அடுக்குகிற மாதிரி ஒன்று, அதுவும் சரியாக வராது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பெர்ஃபெக்ட்" என்றார்.

நான்கு வருடம் இன்ஜினியரிங். அதற்குப் பிறகு மூன்று வருடம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். முகவரியில் பெரும்பாக்கம் என்று பார்த்ததும் பயோடேட்டாவைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிற எல்லா முகங்களையும் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு ஆள் என்னைப் பெர்ஃபெக்ட் என்கிறார், எனக்குத் தெரியாத ஒன்றுக்காக.

இவர்களுக்கு எங்கள் முகவரிதான் வேண்டுமாம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு சண்டை விளையாட்டு தயாரிக்கிறது. முதல்முறை ஆடுகிறவர்களுக்கும் எளிது என்று விளம்பரம் செய்யப் போகிறார்கள். அது உண்மையா என்று பார்க்க, கன்ட்ரோலர் என்கிற பட்டன் கருவியைக் கையால் தொட்டிராத ஆட்கள் தேவை. ஊருக்குள் ஆற்றோரம் இருந்தவர்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்களே எட்டு மாடி எட்டு மாடியாக, அங்கே போய்த் தேடலாம் என்று எவனுக்கோ தோன்றியிருக்கிறது. புத்திசாலி.

ஆறு பெண்களை எடுத்தார்கள். எங்கள் பிளாக்கிலிருந்து நானும் பூங்காவனம் அக்காவும். அக்கா இரண்டாவது மாடி, நாங்கள் ஆறாவது. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தபோதும் பக்கத்து வீடுதான். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்தபிறகு, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீடுகளுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. முட்டியும் போய்விட்டது. நான் இந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் கேட்டாள்: "உக்காந்துகினு பாக்கற வேலையாடி? அப்ப நானும் வர்றேன்."

ஜூன் 4, செவ்வாய்

லிஃப்ட் ஓடவில்லை. படி இறங்கி, பஸ் ஏறி, சோழிங்கநல்லூரில் இறங்கி, கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்கு லிஃப்டில் போனோம். அந்த லிஃப்ட் பேசுகிறது. "கதவுகள் மூடுகின்றன" என்று ஆங்கிலத்தில் சொன்னது. அக்கா அதற்கு வணக்கம் வைத்தாள்.

எங்களுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் மோசஸ். இங்கே நிரந்தர டெஸ்டர். முடியை முடிந்து கொண்டை போட்டிருக்கிறார். 'வெல்மார்' என்று பழைய விளையாட்டு வரிசை ஒன்று இருக்கிறதாம். அதில் நாம் ஒரு ஆளாகவே மாறிவிட வேண்டும். காடு மலை நடந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசி, கொஞ்சம் கொஞ்சமாக பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கதை முடிய நூறு மணி நேரம் ஆகும். அதே ஆட்களை எடுத்து, கதை, பேச்சு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் மோதவிட்டதுதான் இந்தப் புது விளையாட்டு.

"நூறு மணி நேரம் நடந்தா பலம் ஏறுமா?" என்றாள் அக்கா. "நானும் நடக்கறேன் நைனா வயசுக்கு வந்ததுலேர்ந்து. முட்டிதான் தேயுது."

மோசஸ் சிரித்துவிட்டார்.

திரையில் வரிசையாக ஆட்கள். இளவரசி, மந்திரவாதி, ஓநாய் முகம். நான் இரும்புக் கவசம் போட்டவனை எடுத்தேன். அக்கா கடைசியில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினாள். குட்டை, தடித்த கை, இடுப்பில் துணியைச் செருகி, தோளில் ஒரு துடுப்பு.

"இவ யாரு?"

"ஓடக்காரி. பழைய கேம்ல இவளுக்குப் பேரே கெடையாது. ஆத்துக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் விடுவா, அவ்ளோதான். ஆனா ஆடறவங்களுக்கு இவளப் புடிச்சுப் போச்சு. சண்டைல சேர்க்கணும்னு கேட்டுக் கேட்டு வாங்கினாங்க."

"எனக்கு இவதான் வோணும்" என்றாள் அக்கா.

ஜூன் 7, வெள்ளி

எங்களுக்காகவே இந்த விளையாட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அசிஸ்ட் என்று பெயர். மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு இருக்கிறது, அடிபட அடிபடக் குறையும். கால்வாசிக்குக் கீழே போனால் நம் ஆள் உடம்பெல்லாம் பொன் நிறமாக எரிய ஆரம்பிக்கும். அப்போது எந்தப் பட்டனை அமுக்கினாலும் பெரிய அடியாக விழும். எதிரே ஆடுவது கம்ப்யூட்டர் என்றால் அது அடிப்பது உறைக்காது. தெரியாதவன் ஒரேயடியாகத் தோற்று மனசு உடைந்து போய்விடக் கூடாதாம். தெரியாதவன் மேல் எத்தனை அக்கறை பாருங்கள். எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

முதல்முறை ஓடக்காரி எரிய ஆரம்பித்ததும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஐயோ, சாமி வந்துருச்சுடி! சாமி வந்துருச்சு!" ஏதோ ஒரு பட்டனை அமுக்க, துடுப்பு சுழன்று ஓநாய் முகத்துக்காரன் திரைக்கு வெளியே போய் விழுந்தான்.

மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் மெதுவாக, "நான் ஜெயிச்சேனா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

திரும்பும்போது பட்டன் அமுக்கின கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள் அக்கா. பஸ்ஸில் யாரோ காலை மிதித்ததற்குக்கூடத் திட்டவில்லை.

ஜூன் 10, திங்கள்

பேன்ட்ரியில், அதாவது ஆபீஸ் டீ அறையில், கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணக் கூடாதாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அக்காவும் நானும் தீயணைப்புப் படிக்கட்டில் உட்கார்ந்து ஆறிப்போனதையே சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 12, புதன்

சி பிளாக் பெண்கள் இரண்டு பேர் இன்று வரவில்லை. நேற்று அவர்களுக்குக் கைகொடுத்து, படம் போட்ட டி-ஷர்ட் கொடுத்து அனுப்பினார்களாம். இரண்டு பேரும் நன்றாக ஆடினார்கள்.

"பெரிய ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க போலகீது" என்றாள் அக்கா. "நல்லா ஆடனா இங்க எதுக்கு வெச்சுக்கப் போறான்?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். மத்தியானம் பேன்ட்ரியில் தண்ணீர் பிடிக்கப் போனோம். அபினவும் மோசஸும் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களைப் பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில்தானே பேசுகிறார்கள். எங்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசுவது அவர்களுக்குச் சுவர் முன்னால் பேசுவது மாதிரி.

நான் நான்கு வருடம் அந்த எழவில்தான் படித்தேன்.

அபினவ் சொன்னது இது: இவர்கள் டிஷ்யூ பேப்பர் மாதிரி. ஒருதடவை துடைத்தால் முடிந்தது. ஆடக் கற்றுக்கொண்டவள் அதற்குப் பிறகு புதியவள் இல்லை, அவளால் நமக்குப் பிரயோஜனமும் இல்லை. ஆட்டம் தேறத் தேற கம்ப்யூட்டரில் ஒவ்வொருத்திக்கும் ஏறுகிற கோட்டைப் பார்த்து, ஒவ்வொருவராக அனுப்பிவிடலாம். கடைசிவரை யாருக்கு வரவே இல்லையோ அந்த ஒருத்தியை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம். பிறகு நிரந்தரம்கூட ஆக்கலாம்.

மோசஸ் காபியை முடித்தார். கப்பைக் கழுவினார்.

"இன்னாடி சொல்றான்?" என்று அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஏதோ மீட்டிங்."

பாட்டில் நிறைந்து கையில் வழிந்தது. அக்காவிடம் பஸ்ஸில் சொல்லலாம் என்றிருந்தேன். கூட்டம் அதிகம், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டோம். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

தண்ணி லாரி காலையிலேயே வந்துவிட்டது. ஆறாவது மாடிக்குக் குடம் தூக்கி முடிப்பதற்குள் அக்கா எனக்கு முந்தி கிளம்பிவிட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

அக்காவுக்குத் தலைவலி. இந்த நேரத்தில் சொல்ல முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

இன்று அக்கா ஐந்தாம் நிலையில் ஆடுகிற கம்ப்யூட்டரையே ஜெயித்துவிட்டாள். அவளுக்கு இங்கே 'ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற டீம் பையன்கள்கூட வந்து பின்னால் நின்று பார்க்கிறார்கள். "ஆன்ட்டி, செம" என்றான் ஒருவன். "ஆன்ட்டியாவது, கீன்ட்டியாவது! அக்கான்னு கூப்புடு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அக்காவோடு சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியும்.

இத்தனை சந்தோஷமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 21, வெள்ளி

தோற்பது எளிது என்று நினைத்தேன். இந்த விளையாட்டு தோற்க விடுவதில்லை.

அடி வாங்கிக்கொண்டு நின்றால் உயிர்க்கோடு கீழே போகிறது. உடனே என் கவசக்காரனுக்குச் சாமி வந்துவிடுகிறது. கையை எடுத்துவிட்டால் திரையில் 'இருக்கிறீர்களா?' என்று கேட்டு அபினவுக்குத் தகவல் போகிறது. ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் எதிராளி செத்துப் போகிறான். இன்று தோற்க வேண்டும் என்று உட்கார்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தேன். என் கோடு ஏறிவிட்டது.

இப்படி ஒரு இரக்கத்தை எவன் கண்டுபிடித்தான்? வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் வைக்கக் கூடாதா?

ஜூன் 26, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். உயிர்க்கோட்டைக் கால்வாசிக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே ஒரு மயிரிழை போனாலும் சாமி வந்துவிடும். அங்கே நின்று தடுத்துத் தடுத்து ஆடி, எதிராளியின் ஆகப்பெரிய அடி எப்போது வரும் என்று பார்த்து, அந்த நேரத்தில் சரியாகத் தடுப்பை எடுத்துவிட வேண்டும். ஒரே அடியில் சாவு. அசிஸ்ட் வருவதற்கு நேரமே இருக்காது.

ஒவ்வொரு ஆளின் பெரிய அடியும் எப்போது வரும் என்று இப்போது எனக்கு மனப்பாடம். தோள் அசைவதை வைத்தே சொல்லிவிடுவேன்.

போகும்போது மோசஸ் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "நீ தோக்கறது ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். "பன்னெண்டு வருஷமா ஆடறேன். என்னால இவ்ளோ கரெக்டா சாக முடியாது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பயப்படாத. எனக்கென்ன வந்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

ஜூலை 1, திங்கள்

இன்னும் ஒருத்தியை அனுப்பிவிட்டார்கள். கைகொடுத்து, டி-ஷர்ட் கொடுத்து. என்னையும் அக்காவையும் சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். அக்கா இன்னும் இருப்பது எனக்கே ஆச்சரியம். அவளுடைய வயதில் ஆள் கிடைப்பது அரிது என்பதால் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மா கேட்டாள், "பூங்காவனமும் உன்கூட இருக்கா இல்ல? அவ இருந்தா எனக்கு நிம்மதி." நான் நைட்டியைத் துவைக்கப் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

ஜூலை 4, வியாழன்

மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா சாதத்தைப் பிசைந்தாள். பிறகு கேட்டாள். "ஏண்டி ஜான்சி, உனுக்கு ஏன் வர மாட்டேங்குது?"

"வரலக்கா."

"வெச்ச பேரு ஜான்சிராணி. ஆளு கவசம் போட்டவன். எதிர்ல நிக்கறவன் ஊதுனா உயுந்துடற." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள். "கோச்சுக்காத. உன்ன இங்கயே போட்டு வெச்சுட்டு, எங்களையெல்லாம் பெரிய ஆபீசுக்கு அனுப்பிடுவாங்களோன்னு இருக்குது. படிச்ச பொண்ணு நீ. போனா நீ போவணும். நான் போயி இன்னா பண்ணப் போறேன் அங்க?"

சொல்லியிருக்கலாம். படிக்கட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவளுடைய விரல்களில் சாதம் ஒட்டியிருந்தது. தட்டின் ஓரத்தில் எனக்காக ஒரு துண்டு கருவாட்டை ஒதுக்கி வைத்திருந்தாள்.

நேரமாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. பிளாக்குக்கு எதிரே முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணாடிக் கட்டடத்தின் செக்யூரிட்டி, கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றான். தோட்டத்துக் குழாயைக் காட்டினான். அக்கா அவனிடம், "உன் வூடு எந்தப் பக்கம் நைனா?" என்று கேட்டாள். கண்ணகி நகர் என்றான், எங்களைப் போலவே பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்ட இடம். "அங்க தண்ணி நிக்கல?" அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

ஜூலை 15, திங்கள்

மூன்றாமவளும் போய்விட்டாள். அக்காவும் நானும்தான். அபினவ் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "இந்த வாரம் நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடப் போறீங்க. வெள்ளிக்கிழமை ஃபைனல். அதோட இந்தக் கட்டம் முடியுது. டென்ஷன் இல்லாம, ஜாலியா ஆடுங்க." என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான்தான். தோற்றுக்கொண்டே இருந்தால் போதும்.

ஜூலை 16, செவ்வாய்

ஏதோ நடக்கிறது. இன்று அக்காவை நான்கு ஆட்டம் ஜெயித்துவிட்டேன். நான் ஜெயிக்கவில்லை. அவள் தோற்றாள்.

துடுப்பை ஓங்கவே இல்லை. பின்னால் பின்னால் போய் மூலையில் நின்றுகொண்டாள். நான் சும்மா அசைந்தாலே அதில் வந்து முட்டிக்கொண்டாள். முடிந்ததும் உரக்க, "சாருங்களே, பாத்தீங்களா, ஜான்சிக்கு வந்துடுச்சு!" என்று அபினவின் அறையைப் பார்த்துச் சொன்னாள்.

அபினவ் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். என் கோடு ஏறிவிட்டது. அவளுடையது இறங்கிவிட்டது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. பிளாக் முழுக்க வேப்பிலை. இன்றும் அதேதான். நான் தோற்கப் பார்க்கிறேன், அவள் எனக்கு முந்தித் தோற்கிறாள். பஸ்ஸில் கேட்டுவிட்டேன், "ஏங்க்கா இப்படிப் பண்றே?"

"இன்னா பண்ணேன்?" என்றாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. சிரிப்பை அடக்குகிற மாதிரி கன்னம் உப்பியிருந்தது. "உனுக்குக் கை வந்துடுச்சு. ஒத்துக்கோ."

எனக்குத் தெரியும். பெரிய ஆபீசுக்கு நான் போக வேண்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள். கேட்காமலே கொடுக்கிறாள். கேட்காமலே என்னைத் தள்ளுகிறாள்.

அம்மாவுக்கு இந்த மாதமும் அதே இருமல். நான் எத்தனை தடவைதான் வேலை தேடுவது? அக்காவுக்கு ஏதாவது ஒரு வீட்டில் வேலை கிடைக்காமலா போகும்? எனக்கு அந்த முகவரியை வைத்துக்கொண்டு எங்கே கிடைக்கும்? அக்காவுக்கும் அதே முகவரிதான். ஆனால் அவளை யாரும் பயோடேட்டா கேட்பதில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஃபைனல். விவரமாகவே எழுதுகிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

காலையில் முதல் ஆட்டம். மற்ற டீம் பையன்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மணி அடித்தது. கவசக்காரன் நின்றான். ஓடக்காரி நின்றாள். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், அவள் அடிக்கட்டும் என்று. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள், நான் அடிக்கட்டும் என்று. இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு நின்றோம். பின்னால் ஒருவன், "முத்தம் கொடுக்கப் போறாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நேரம் ஓடி முடிந்தது. சமன்.

இரண்டாவதும் அப்படியே. அபினவ் அறையிலிருந்து வந்துவிட்டார். "என்னங்க, ஹேங் ஆயிடுச்சா?" மோசஸ், "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாவதில் அக்கா தானாக வந்து என் கத்தியில் விழ ஆரம்பித்தாள். அவளுக்கு அந்தக் கால்வாசிக் கணக்கு தெரியாது. உயிர்க்கோடு கீழே போனதும் ஓடக்காரிக்குச் சாமி வந்துவிட்டது. அக்கா பதறிப்போய்க் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, கையை மேலே தூக்கிவிட்டாள். "யம்மா தாயே, இப்ப எதுக்கு வர்றே, போ, போ" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினாள். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் ஓடக்காரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதிரே ஆடுவது கம்ப்யூட்டர் இல்லை, நான் அடித்தால் செத்துவிடுவாள். அடிக்காவிட்டால், கையை எடுத்துவிட்ட அக்காவிடம் 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். என் கட்டைவிரல் அசைந்துவிட்டது. பழக்கம். நான் அமுக்கவில்லை, விரல் அமுக்கியது. ஓடக்காரி விழுந்தாள்.

அக்கா கைதட்டினாள்.

அபினவ் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துவிட்டு, "இன்ட்ரஸ்டிங்" என்றார்; ஆன்ட்டிதான் எல்லோருக்கும் கீழே நிற்பார் போலிருக்கிறதே என்று ஆங்கிலத்தில் சொன்னார். "டீ குடிச்சுட்டு வாங்க" என்று தமிழில் சொன்னார்.

படிக்கட்டில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவளுக்கு ஜெயிக்கப் பிடிக்கும். அது எனக்குத்தான் தெரியும், வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. முதல்முறை அந்த ஓநாய் விழுந்தபோது அவள் முகத்தைப் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவள் எனக்காகத் தோற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வேற வேலை கெடச்சிடுச்சு."

"நெசமாவா?"

"இன்ஜினியர் வேலைதான். கிண்டில. திங்கட்கிழமை சேரணும். அதனால நீ எனக்கு விட்டுக்கொடுக்காத. நீ ஜெயி."

என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையில் வேப்பிலையும் சோப்புப் பவுடரும் வாசனை அடித்தது. "எனுக்குத் தெரியும்டி. எனுக்குத் தெரியும். உன் படிப்பு உன்ன உடாது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, புடவையை இடுப்பில் செருகினாள். "அப்ப வா. உன்ன இன்னா பண்றேன் பாரு."

அவ்வளவுதான். மிச்ச ஆட்டம் எல்லாம் அவளுடையது. நான் பார்த்ததிலேயே மிக நன்றாக ஆடினாள். துடுப்பால் மேலே தூக்கி, கீழே விழுவதற்குள் மறுபடி தூக்கி. எனக்குக் கால்வாசிக் கணக்கெல்லாம் தேவைப்படவே இல்லை. கடைசி ஆட்டத்தில் நான் உண்மையாகவே தடுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. என்னால் முடியவில்லை.

பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அபினவ் அக்காவுக்குக் கைகொடுத்தார். டி-ஷர்ட் கொடுத்தார். நெஞ்சில் ஓடக்காரி படம்.

"போன் பண்ணுவீங்களா சார்?" என்றாள்.

"கண்டிப்பா" என்றார் அவர்.

இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? ஆறு பேரைக் கூட்டி வந்து, கற்றுக்கொண்டால் துரத்துவேன் என்று ஒரு விதி வைத்தது யார்? மனுஷியை மூக்குத் துடைக்கிற காகிதம் என்றது யார்? நானா?

ஜூலை 21, ஞாயிறு

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கோயில் என்றால் பி பிளாக் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை. அக்கா நைட்டிக்கு மேலே அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கூழ் வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லா மாடிக்கும் ஏறினாள். "இது யாருக்கா மார்ல?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஓடக்காரி கதையைச் சொன்னாள். "மொதல்ல இவளுக்குப் பேரே இல்ல, தெர்யுமா?"

எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா, "கிண்டில வேலையாமே, எங்கிட்டகூட இவ சொல்லல பாரு" என்றாள். அக்கா, "கண்ணு படும்னு சொல்லியிருக்காது" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

கிண்டி பஸ்ஸில் ஏறி, மேடவாக்கத்தில் இறங்கி, திரும்பி வேறு பஸ் பிடித்து சோழிங்கநல்லூர் போனேன். முக்கால் மணி நேரம் வீண்.

ஜூலை 23, செவ்வாய்

இன்றும் அப்படியே.

ஜூலை 26, வெள்ளி

எனக்கு அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் குள்ளம். கால் தரையில் பட வேண்டும் என்று நாற்காலியைத் தாழ்த்தி வைத்திருந்தாள். நான் உட்கார்ந்தால் முட்டி மேலே வருகிறது. உயர்த்திக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டத்துக்கு என் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மோசஸ், "வாழ்த்துகள்" என்றார். நன்றி என்றேன்.

ஜூலை 29, திங்கள்

புது ஆறு பேர் வந்திருக்கிறார்கள். செம்மஞ்சேரியிலிருந்து, அதுவும் எங்களுடையதைப் போன்ற குடியிருப்புதான். என்னையும் அவர்களோடு சேர்த்து உட்கார வைத்தார் அபினவ். "இவங்களும் உங்கள மாதிரிதான். ஒண்ணும் தெரியாது" என்று என்னை அறிமுகம் செய்தார்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். காதில் பிளாஸ்டிக் தோடு. கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள், "இதுல ஜெயிச்சா பெர்மனென்ட் பண்ணுவாங்களாக்கா?"

அபினவ் இரண்டடி தள்ளி நின்றார்.

"ஆடு. தானா வரும்" என்றேன்.

பொழுதெல்லாம் தோற்றேன். போகும்போது அபினவ் என் திரையைப் பார்த்துவிட்டு, "குட்" என்றார்.

ஜூலை 31, புதன்

சாயங்காலம் அக்காவைக் கீழே காணவில்லை. வழக்கமாகப் படிக்கட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அம்மாவைக் கேட்டேன்.

"ரெண்டாவது மாடில டவர் எடுக்க மாட்டேங்குதாம். அந்த ஆபீஸ்காரங்க போன் பண்ணிப் பாத்துட்டு, எடுக்கலன்னு வேற யாரையாவது கூப்புட்டுடுவாங்கன்னு பயப்படுது. மூணு நாளா அந்த முட்டியோட மொட்ட மாடி ஏறிப் போய்தான் உக்காந்துகிது. நீ போய்க் கீழ வரச் சொல்லேன், உன் பேச்சக் கேக்கும்."

நான் முகம் கழுவினேன். துவைத்ததை மடித்து வைத்தேன். அரிசி களைந்து உலை வைத்தேன்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.